ஆறாம் வார்த்தையும் ஒரு கிலோ ரம்புட்டானும்

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை. பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். முதல் வார்த்தை ஐயருக்கு. எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் பேசும்போது சனம் விழித்திருக்கும். ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அது வரும்போது உபவாசம் இருக்கிறவர்களுக்கு நிஜமாகவே நாக்கு வறண்டிருக்கும். ஆறாம் வார்த்தை வரும்போது மணி இரண்டேகால். பங்குனி வெயில் ஓட்டுக்கூரையில் இறங்கியிருக்கும், மின்விசிறி அனலைச் சுற்றிவிடும், ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் கண்ணை மூடித் தியானத்தில் இருப்பார்கள். சிலருடைய தியானம் குறட்டையாகக் கேட்கும்.

அந்த ஆறாம் வார்த்தை பதினான்கு வருடமாக என்னுடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறவர், தூங்குகிற கூட்டத்துக்குப் பழகினவர் என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். விசுவாசத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு மோர் ஊற்றுகிற வேலைதான் கிடைத்திருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று இயேசு சொன்ன வார்த்தை அது. அதை நான் ஒரு நாற்காலியை வைத்து விளக்குவேன். யூதர்களின் பழைய ஆலயத்தில் விளக்கு உண்டு, மேசை உண்டு, பலிபீடம் உண்டு. நாற்காலி கிடையாது. பலி கொடுக்கிற ஆசாரியன் உட்கார முடியாது. இன்றைக்குப் பலி கொடுத்தால் நாளைக்கும் கொடுக்க வேண்டும், இந்த வருடம் கொடுத்தால் அடுத்த வருடமும் கொடுக்க வேண்டும். வேலை தீராதவனுக்கு நாற்காலி எதற்கு? கிறிஸ்துவோ ஒரே தரம் தம்மைத் தாமே கொடுத்தார். கொடுத்து முடித்து உட்கார்ந்தார். இந்த இடத்தில் ஐயரின் நாற்காலியை இரண்டு கையாலும் தொட்டுக் காட்டுவேன். "அன்பானவர்களே, அவர் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஏன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறீர்கள்?" என்று குரலை உயர்த்துவேன். அப்போது இரண்டு மூன்று பேர் திடுக்கிட்டு விழிப்பார்கள். அதை நான் பேச்சின் வல்லமை என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற பெரிய வெள்ளிக்கு என் நண்பனும் அவன் மனைவியும் செங்கோட்டையிலிருந்து எங்கள் கோயிலுக்கு வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் அவர்களும் தென்காசியில் இதே சபை. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். வயதான காலத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஜூன், ஜூலைச் சாரல் முடிந்ததும் வீட்டைக் காலி செய்து போவதாக முடிவாகியிருந்தது. போவதற்கு முன் பழைய கோயிலில் ஒரு பெரிய வெள்ளி இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்ளரும் கையுமாக நண்பன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நல்லா பேசுனல."

"ஏதோ, ஆண்டவர் கிருபை."

"நாற்காலியப் பத்தி இம்புட்டு நேரம் பேசுதியே, எங்க வீட்டுல ஒரு நாளாவது உக்காந்திருக்கியால நீ?"

நான் மோரைக் குடித்தேன்.

அவன் கேட்டதன் பொருள் விளங்க வேண்டுமானால், நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் சபை நடத்திய ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். அவன் கணக்கு, நான் அறிவியல். மேலகரத்தில் அடுத்தடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தோம். சாரல் காலத்தில் விடிந்ததும் சைக்கிளில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு முதல் மணிக்கு வகுப்பில் நிற்போம். தலைமையாசிரியர் பதவி காலியானபோது முறைப்படி அது அவனுக்கு வரவேண்டியது. என்னைவிட இரண்டு வருடம் மூத்தவன், என்னைவிட நல்ல ஆசிரியன். என்னைவிட நல்ல ஆசிரியன் என்பதை இப்போது எழுத முடிகிறது. அப்போது அது எனக்கு வயிற்றெரிச்சல்.

தாளாளருக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். பெயர் போடாமல், கையெழுத்தை மாற்றி, இடது பக்கம் சாய்த்து எழுதினேன். இன்னார் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை புளியரை தாண்டிக் கேரளா பக்கம் போகிறார், குடித்துவிட்டு வருகிறார், இப்படிப்பட்டவர் தலைமைப் பொறுப்புக்கு வருவது சபைக்கு அழகா என்று கேட்டிருந்தேன். அவன் போனது உண்மை. முழங்கால் வலியில் கிடந்த அவன் அம்மாவுக்கு அங்கே ஒரு வைத்தியரிடம் தைலம் வாங்கப் போனான். எனக்கு அது தெரியும். ஒரு முறை கூடப் போய், தைலப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பியவனே நான்தான்.

விசாரணை என்று எதுவும் இல்லை. அந்தக் காலத்துத் தாளாளருக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. பதவி எனக்கு வந்தது. அவனை நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கு, இராயகிரிக்கு மாற்றினார்கள். அவன் மனைவி தென்காசியில் நர்ஸ். வேலையை விட முடியாது. ஒன்பது வருடம் அவன் இராயகிரியில் ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் ஏறுவான். மகளுக்கு அப்பா என்பவர் வாரக் கடைசியில் வருகிறவர். நான் தலைமையாசிரியர் அறையில் சுழல் நாற்காலியில் இருந்தேன். அதில் மட்டும் உட்காரத் தயங்கியதில்லை.

ஓய்வு பெற்றபின் தூக்கம் போயிற்று. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்கும் ஆறு மாதம் ஒத்திகை பார்த்தேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், அவன் கோபத்தில் அடித்தால் எந்தக் கன்னத்தைக் காட்ட வேண்டும் என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். அப்போது அவன் செங்கோட்டையில் வீடு கட்டிக் குடியேறியிருந்தான். போனேன். உட்காரச் சொன்னான். நான் உட்காரத் தகுதியற்றவன் என்று நின்றுகொண்டே சொன்னேன். ஒத்திகையில் கடைசியில் வரவேண்டிய அழுகை இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டது.

அவன் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தான்.

"அது நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ல. தாளாளர் அந்தக் கடுதாசிய எங்கிட்ட காமிச்சாரு."

"கையெழுத்த மாத்தி எழுதினேனே."

"கையெழுத்த மாத்துன. இடது பக்கம் ஸ்கேல் வச்சு செவப்பு மையில மார்ஜின் போட்டிருந்தியே. மார்ஜின் போட்டு மொட்டைக் கடுதாசி எழுதுனவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தாம்ல."

ஆசிரியர் பயிற்சியில் படித்த வழக்கம். வெள்ளைத்தாளைக் கண்டால் கை தானாக ஸ்கேலைத் தேடும். பாவம் செய்யும்போதும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன பண்ண? ஒரு வருசம் ஆத்திரமா இருந்துச்சு. ஒன்ன ரோட்டுல பாத்தா சைக்கிள ஏத்தணும்னு தோணும். அப்பொறம் ஒரு நாள் அங்கன ரூம்ல அரிசி களைஞ்சுட்டு இருந்தேன். இவனையும் மனசுல வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குத்தான் இருக்கன்னு, ஆண்டவர்ட்ட குடுத்துட்டேன். முடிஞ்சு போச்சு. உக்காருல, காப்பி வருது."

நான் உட்காரவில்லை. மன்னிப்பு நான் கேட்பதற்கு இருபது வருடம் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது என்றால், இத்தனை நாள் ஒத்திகை பார்த்த நான் யார்? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதி வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. அவன் திட்டியிருக்க வேண்டும். வெளியே போ என்றிருக்க வேண்டும். நான் வாசலில் மழையில் நின்றிருக்க வேண்டும். அவன் காப்பி என்கிறான்.

சும்மா கிடைத்தது எனக்குச் செமிக்கவில்லை. என் பங்குக்கு நானும் ஏதாவது செய்தால்தான் சரிவரும் என்று தோன்றியது. அடுத்த வருடம் சாரலில் மறுபடி போனேன். குற்றாலத்துச் சாலையோரத்தில் ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கிக்கொண்டு போய், கொடுத்து, நின்று, மன்னிப்புக் கேட்டேன். அதற்கடுத்த வருடமும். பதினோரு வருடம் இது நடந்தது. தேதிகூட மாறாது, பள்ளி திறக்கிற வாரத்துச் செவ்வாய்க்கிழமை. ஒரு வருடம் ரம்புட்டான் வரத்து இல்லை என்று மங்குஸ்தான் வாங்கிப் போய்விட்டு, இது சேருமா சேராதா என்று இரண்டு வாரம் கவலைப்பட்டேன்.

இது போதாதென்று அருவிக் குளியலை விட்டேன். அவனோடு குளித்த அருவியில் தலை கொடுக்க எனக்கு அருகதை இல்லை என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு ஒரு பொருத்தனை. மேலகரத்தில் வீடு, மூன்று கிலோமீட்டரில் குற்றாலம், சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து குளிக்கிறார்கள். நான் கரையில் நின்று அவர்கள் துணியையும் செல்போனையும் பார்த்துக்கொள்வேன். மைத்துனரின் பேரப்பிள்ளைகளுக்கு என் பெயர் துணி தாத்தா. அதையும் தண்டனையின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டேன். சொல்லப்போனால் அதில் கொஞ்சம் இன்பமும் இருந்தது.

இந்த வருட ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பெரிய வெள்ளியன்று அவன் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் ஊரை விட்டுப் போகப்போகிறார்கள். இது கடைசி முறை, நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு கிலோவாக வாங்கினேன். தென்காசியில் பஸ் மாறிச் செங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. கதவு மூடியிருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. மணி அடித்தேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன். பதில் இல்லை.

வெளியே எங்கேயாவது போயிருப்பார்கள் என்று வாசற்படியில் நின்றேன். சாரல் விழுந்தது. குடை இருந்தது, ஆனால் விரிக்கவில்லை. நனைந்துகொண்டு காத்திருப்பது இந்த வருடத்துக்கு உபரியாகக் கிடைத்த பாக்கியம் என்று நினைத்தேன். காலடியில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்ததை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எனக்கு எதையும் உணர்த்தவில்லை. முப்பத்தைந்து வருடம் அறிவியல் சொல்லிக் கொடுத்தவன்.

அப்போது உள்ளே குக்கர் விசில் அடித்தது.

ஒரு விசில். பிறகு யாரோ ஓடுகிற சத்தம். பிறகு இரண்டாவது விசில். பிறகு தாழ்ந்த குரலில் நண்பன்: "அத அணைச்சுத் தொலையேன்." பிறகு அவன் மனைவி: "நீங்கதான இன்னும் ரெண்டு விசில் விடணும்னிய."

கதவு திறந்தது. அவள்தான் நின்றாள். எப்போதும் என்னைப் பார்த்ததும் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, உள்ள வாங்க. அந்தப் பைய வெளிய வச்சுட்டு வாங்க."

வைத்தேன். உள்ளே போய் வழக்கம்போல் நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் அவர்கள் தரையில் சொட்டியது. நண்பன் சாய்வு நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தான். ஒளிந்திருந்து பிடிபட்ட வெட்கம் அவனுக்கு. அந்த வயதில் அவனை அந்த நிலைக்கு ஆளாக்கியது நான்.

"நான் இன்னிக்கு உள்ளதச் சொல்லிடுதேன், அண்ணாச்சி," என்றாள். "நீங்க ஒவ்வொரு வருசமும் வந்து அழுதுட்டுப் போயிருதீய. ஒங்களுக்கு பாரம் எறங்கிரும். இவிய ரெண்டு மூணு நாளு சரியா சாப்பிட மாட்டாவ. இராயகிரி ரூமு, அந்த ஸ்டவ்வு, புள்ளைக்கு காய்ச்சல் வந்தப்ப பஸ் கெடைக்காம நின்னது, எல்லாத்தையும் திரும்ப எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாவ. நாங்க மறந்த நாளுக்கு நீங்க வந்து ஞாபகப்படுத்துதீய. இன்னிக்குச் செவ்வாக்கெழமன்னுதான் காலைலயே சன்னலெல்லாம் சாத்துனேன்."

"தங்கச்சி, நான்..."

"அந்த ஒம்பது வருசத்த ஒங்களால திருப்பித் தர முடியாது. நாங்க கேக்கவும் இல்ல. அத ஆண்டவர்ட்ட கொண்டு வச்சாச்சு. வச்சத நீங்க எடுத்து எடுத்துக் காட்டாதீய."

பதினோரு வருடமாக நான் செய்தது மன்னிப்புக் கேட்பதல்ல. அது வருடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம். இப்போது கையெழுத்தோடு, பழத்தோடு, நேரில் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். "தங்கச்சி, இதுக்கும் என்னை மன்னி..." என்று வாய் திறந்துவிட்டது.

நண்பன் எழுந்தான். "ஏலே! இன்னொரு வாட்டி அந்த வார்த்தையச் சொன்ன, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத. கோயம்புத்தூர் அட்ரஸும் ஒனக்குக் கெடையாது. வெளையாட்டுக்குச் சொல்லல."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது. சைக்கிள் ஏற்றத் தோன்றிய வருடத்து முகம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

"நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"ஒண்ணும் செய்யாண்டாம். அதான் ஒனக்குச் சொல்லிட்டே இருக்கேன். ஒண்ணும் செய்யாண்டாம்ல. உக்காரு."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. உட்கார்ந்தேன். நனைந்த வேட்டியோடு உட்கார்ந்ததால் ஒரு சத்தம் வந்தது. அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவனுக்கும். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் சாதம் சாப்பிட்டோம். இரண்டு விசில் குறைந்ததால் பருப்பு வேகவில்லை. மேலகரத்து வாய்க்காலைப் பற்றியும் அவன் கண் ஆபரேஷனைப் பற்றியும் பேசினோம். மன்னிப்பு என்கிற சொல் தொண்டையில் மூன்று முறை வந்து நின்றது. மூன்று முறையும் தண்ணீர் குடித்தேன். புறப்படும்போது அவன் சொன்னான்: "சனிக்கெழம காலைல மெயின் ஃபால்ஸுக்கு வாரேன். நீயும் வா. வெறுங்கையோட வா."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னா கேப்பீயளா? ஒங்களுக்கு மன்னிப்பு வேண்டாம். மன்னிப்பு கேக்குறதுதான் வேணும்."

அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடம் சபையார் முன்னால் நின்று, சிலுவையில் எல்லாம் செய்து முடிக்கப்பட்டது, அதில் நாம் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னவன் நான். அதே ஆள் பதினோரு வருடமாக, அங்கே சிந்தப்பட்ட இரத்தம் என் விஷயத்துக்குப் போதவில்லை, ஒரு கிலோ ரம்புட்டான் சேர்த்தால்தான் சரிவரும் என்று பஸ் ஏறியிருக்கிறேன். ஊரார் பாவத்துக்கெல்லாம் போதுமானது என் பாவத்துக்கு மட்டும் குறைகிறது என்றால், என் பாவத்தை நான் எவ்வளவு பெரிதாக மதித்திருக்கிறேன்! அதற்குப் பெயர் தாழ்மை என்று வைத்திருந்தேன். ஒரு மொட்டைக் கடிதம் எழுதின சில்லறைப் பொறாமைக்காரன், அவ்வளவுதான் நான். மற்றவர்களோடு வரிசையில் நின்று, அவர்களுக்குக் கிடைத்ததையே வாங்கிக்கொள்ள எனக்குக் கசந்தது. தனி ஏற்பாடு கேட்டிருக்கிறேன்.

இவ்வளவு யோசித்தவன் திருந்தியிருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம்.

சனிக்கிழமை காலை குற்றாலத்துக்குப் புறப்படும்போது பொருத்தனை ஞாபகம் வந்தது. அருவியில் தலை கொடுக்க மாட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். நண்பனோ கூப்பிடுகிறான். போகாவிட்டால் அவன் அப்படியே ஊரை விட்டுப் போய்விடுவான். போய்த் தலை கொடுத்தால் பொருத்தனை முறியும். குளியலறையில் பச்சை நிற பிளாஸ்டிக் மக் இருந்தது. அருவித் தண்ணீரை மக்கில் பிடித்து ஊற்றிக்கொண்டால் அது அருவியில் தலை கொடுத்ததாகாது. இரண்டு பக்கமும் சரியாகிவிடும். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு வா என்று அவன் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

தண்ணீர் நன்றாக விழுந்தது. ஆண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். நண்பன் துண்டைக் கட்டிக்கொண்டு நேராக அருவிக்குள் போய், கம்பியைப் பிடித்துக் குனிந்து, முதுகைக் கொடுத்து நின்றான். நான் ஓரத்தில், தெறிக்கிற இடத்தில் நின்று, மக்கை நீட்டினேன். அருவித் தண்ணீர் மக்கில் நிற்காது. விழுந்த வேகத்தில் முக்கால்வாசி வெளியே சிதறிவிடும். மிஞ்சின இரண்டு மடக்கைத் தலையில் ஊற்றிக்கொண்டு மறுபடி நீட்டினேன். குளிக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் குளிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

விசிலும் கையுமாகக் காவலுக்கு நின்ற இளம் போலீஸ்காரர் கிட்டத்தில் வந்தார்.

"ஐயா, என்ன பண்ணுதீய?"

"குளிக்கேன்."

"சோப்பு கூடாது, ஷாம்பு கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு. மக்கு கூடாதுன்னு போடல. அதுக்காவ இப்படியா? தொட்டிக்குள்ள நிக்காப்ல நிக்கீயளே. ஒடம்பு சரியில்லையா?"

"பொருத்தனை," என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி, கடவுள் விஷயம் என்று கௌரவமாக ஒரு அடி விலகினார். அதற்குள் நண்பன் பார்த்துவிட்டான். அருவியை விட்டு வெளியே வந்து, தலையைத் துடைக்காமலே என் எதிரில் நின்றான். கண் ஆபரேஷன் ஆன கண்ணை இடுக்கி, மக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அவ்வளவு தண்ணி அதும்பாட்டுக்கு விழுது. நீ எதுக்குல மொண்டு ஊத்துத?"

மக்கைப் பிடுங்கிப் போலீஸ்காரரிடம் கொடுத்தான். "தம்பி, இத ஜப்தி பண்ணிக்கிடுங்க," என்றான். அவர் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார். நண்பன் என் புஜத்தைப் பிடித்து இழுத்தான். எழுபத்து நான்கு வயதுக்காரன், எழுபத்து இரண்டு வயதுக்காரனை. கம்பியை எட்டிப் பிடித்தேன். தண்ணீர் பிடரியில் விழுந்தது.

பதினோரு வருடத்தில் மறந்துபோயிருந்தேன். அருவிக்கு அடியில் நிற்கிறவன் ஒன்றும் செய்வதற்கில்லை. தேய்க்கக்கூட முடியாது, கையை விட்டால் தள்ளிவிடும். காது அடைத்துவிடுகிறது. நிற்கிறவன் யார், என்ன செய்தவன் என்று தண்ணீர் விசாரிப்பதில்லை. அந்த இரைச்சலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இங்கே சொன்னால் யாருக்கும் கேட்காது, கடைசியாக ஒரு முறை சொல்லிவிடலாம். வாயைத் திறந்தேன். "என்னை மன்..." என்பதற்குள் வாய் நிறையத் தண்ணீர் புகுந்து, புரையேறி, மூக்கு வழியாக வந்தது. நண்பன் என்னை வெளியே இழுத்து முதுகில் தட்டினான்.

"என்னல சொன்ன?"

அவனுக்குக் கேட்டிருக்குமோ என்று பயம். இருமி முடிக்கும்வரை அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கோயம்புத்தூர் அட்ரஸ் அந்த நொடியில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது.

"பசிக்குன்னேன்," என்றேன்.

"அப்ப வா." தோளில் கிடந்த ஈரத்துண்டை உதறினான். "வாழக்கா பஜ்ஜி போடுதான் பாரு."

மக்கைத் திருப்பி வாங்க மறந்துவிட்டோம்.

ஆகஸ்டில் அவர்கள் போனார்கள். தென்காசி ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினேன், பையில் எதுவும் இல்லாமல். வண்டி புறப்படும்போது சன்னல் வழியாக ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தான். மகளுடைய வீட்டு முகவரி. இடது பக்கம் சிவப்புப் பேனாவில் மார்ஜின் போட்டிருந்தான்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போன் பண்ணுவான். போன வாரம் பேசும்போது, அவன் மனைவிக்குச் சளி என்றான்; ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். எனக்குப் பழைய வழக்கம் தலைதூக்கியது. எல்லாம் என்னால்தான் என்று எங்கேயோ ஒரு நூலைப் பிடித்து இராயகிரி வரைக்கும் போய்விட்டேன். நான் பேசாமல் இருந்ததை அவன் கவனித்துவிட்டான்.

"ஏலே."

"ம்."

"உக்காந்திருக்கியா, நிக்கியா?"

பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகத் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தேன். கீரை நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி ஏதும் சொல்லாமல் காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உக்காந்துதான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன்.

"சரி. அங்கன அருவில தண்ணி விழுதா?"

"விழுது."